கொழுஞ்சிக்குக் காத்திருந்த அணில்

சிறு குன்றுபோல் எழுந்த ஒரு கரட்டின் அடியில் வேலமரம் ஒன்று நின்றது. அதில் வரிச்சி என்ற அணில் வாழ்ந்தது. அதே மரத்தின் காய்ந்த கிளையைத் துளைத்து, முரலி என்ற கருவண்டு கூடு வைத்திருந்தது.

முந்தைய கோடையில் பற்றிய தீ அங்கிருந்த பூச்செடிகளையெல்லாம் எரித்துவிட்டது. மகரந்தம் வேண்டுமென்றால் முரலி கரட்டைத் தாண்டிப் பறக்க வேண்டும். போய்ப் போய் அதன் இறக்கை ஓரமெல்லாம் கிழிந்துவிட்டது.

"இன்னும் எத்தனை நாள் இப்படிப் பறப்பாய்?" என்று கேட்டது வரிச்சி.

"என்னை விடு. என் பிள்ளைகள் கூட்டை விட்டு வரும்போது பக்கத்தில் ஒரு பூவாவது இருக்க வேண்டுமே!" என்றது முரலி.

அன்றே வரிச்சி கரட்டைச் சுற்றி ஓடியது. அந்தப் பக்கம் கொழுஞ்சிச் செடிகள் இருந்தன. அவற்றின் நெற்றுகளைக் கவ்வி வந்து, மரத்தடியில் விதைகளைப் புதைத்தது. மழை பெய்தது. இருபது செடிகள் முளைத்தன.

இலை விட்டன, பூக்கவில்லை. கோடை வந்ததும் இலையும் கருகி உதிர்ந்தது.

வரிச்சிக்குப் பொறுக்கவில்லை. வேர் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தது. வேர் பச்சையாக இருந்தது. மகிழ்ச்சியோடு திரும்பப் புதைத்தது. ஆனால் மறுநாள் அதன் தண்டும் காய்ந்துவிட்டது. பயந்துபோய் அடுத்ததைத் தோண்டியது. அதுவும் காய்ந்தது. இப்படிப் பதினேழு செடிகள் போயின.

பறக்க முடியாமல் கிளையில் கிடந்த முரலி அதைப் பார்த்துவிட்டது.

"வரிச்சி, அவை தாமாகச் சாகவில்லை. நீ தோண்டுவதால்தான் சாகின்றன."

வரிச்சி கைகளைப் பார்த்துக்கொண்டது. நகமெல்லாம் மண். "உனக்காகத்தான் அவசரப்பட்டேன். நீ போவதற்குள் பூத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்" என்று அழுதது.

"எனக்குத் தெரியும். நான் பார்க்காவிட்டால் என்ன? மிச்சம் மூன்று இருக்கிறதே, அதை விட்டுவை."

சில நாளில் முரலி இறந்துபோனது.

அதன்பின் வரிச்சி அந்த மூன்று வேர்களையும் தொடவேயில்லை. மண்ணைக் கிளற வந்த காட்டுக்கோழியைத் துரத்தியது. கை துறுதுறுத்தபோதெல்லாம் மர உச்சிக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது.

மழை மறுபடி வந்தது. மூன்று இடத்திலும் துளிர் எழுந்தது. இந்த முறை கிளை விரிந்து, ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்தது.

ஒரு காலை, காய்ந்த கிளையின் துளையிலிருந்து நான்கு இளவண்டுகள் வெளியே வந்தன. இறக்கையை உதறிக்கொண்டு நேரே கொழுஞ்சியில் போய் அமர்ந்தன.

"இதை யார் வைத்தது?" என்று கேட்டது ஒன்று.

"உங்கள் அம்மாவும் நானும்" என்றது வரிச்சி.

அன்பினால் செய்யும் வேலைக்கும் பொறுமை வேண்டும். அவசரப்பட்ட அன்பு தான் வளர்த்ததையே அழித்துவிடும்.