நாற்பத்தொன்றாவது வரி

இக்னேஷியஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தார். வழிகாட்டி தாஹிரா அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். இவர் 'மேடம்' என்பார், அவர் 'சார்' என்பார்.

பால்வீதியின் நடுப்பக்கம் எக்ஸ்-கதிர் வீசும் நாற்பது புள்ளிகள். எல்லாம் செத்துப்போன நட்சத்திரங்கள். செத்த பிறகும் சிலது துடிக்கும்; கதிர் சீராக ஏறி இறங்கும். எது துடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஐந்து வருஷம் மாடாக உழைத்து, நாற்பதுக்கும் நேரே 'துடிப்பு இல்லை' என்று எழுதிவிட்டார். மறுநாள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் பதிவு ரத்து, பட்டம் அவ்வளவுதான்.

கையெழுத்து வாங்கப் போனபோது மத்தியானம். ஆனால் மலையில் மூடுபனி இறங்கி அறை மங்கிக் கிடந்தது. தாஹிரா பட்டியலைப் படித்துவிட்டு, நாடி பார்ப்பதுபோல் இக்னேஷியஸின் மணிக்கட்டில் விரலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். பட்டியலின் கடைசியில் ஒரு வரி எழுதினார்.

'41. இக்னேஷியஸ். துடிப்பு இல்லை.'

இக்னேஷியஸ் அதை இரண்டு முறை படித்தார்.

"என்ன மேடம் இது? ஒரு நிமிஷமாவது பார்க்க வேண்டாமா?"

"நீங்க எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

ஒவ்வொன்றையும் இரண்டு நாள் முழுக்க என்றார். அதில் எதைக் கழித்தீர்கள் என்று தாஹிரா கேட்டார். அங்கே எல்லாரும் செய்வதைத்தான் இவரும் செய்திருந்தார். 'விளக்குமாறு' என்று ஒரு கணினி நிரல் வைத்திருந்தார்கள். மெதுவாக ஏறி இறங்குவதையெல்லாம் தொலைநோக்கிக் கருவியின் கோளாறு என்று அது பெருக்கித் தள்ளிவிடும்.

"தள்ளினதைத் திறந்து பாருங்க."

திறந்தார். கருவியின் கோளாறு என்றால் நாற்பதும் ஒன்றுபோல ஆட வேண்டும். பதினேழாவது மட்டும் தன் போக்கில் ஏறியது, இறங்கியது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒன்பது முறை, கொஞ்சமும் பிசகவில்லை. குப்பைக்குள் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. இக்னேஷியஸுக்கு, யாரோ இத்தனை நாளாகக் கதவுக்குப் பின்னால் நின்றதுபோல் பயமாக இருந்தது.

இதை எழுதினால் நாற்பதையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். நாளைக்குக் கொடுக்க முடியாது. பதினேழாவது வரியைத் திருத்தாமலே பட்டியலைத் தாஹிரா பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல என் பேரை அடிச்சிடுங்க மேடம். பார்க்கவே சகிக்கலை."

தாஹிரா அடித்தார்.

"நீங்க வந்து கேட்டீங்க, அடிச்சாச்சு. பதினேழாவது யாருகிட்ட வந்து கேக்கும், சார்?"