பொது அலமாரியில் ஒரு போன்

முதலில் தப்புச் செய்தது குழந்தைவேல்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

கூடப்பிறந்த தம்பி அவன். தன் மகள் தாரணியின் கல்யாணத்துக்கு அண்ணன் ராக்கியண்ணனை நேரில் வந்து அழைக்கவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, பத்திரிகையை அண்ணன் கையில் கொடுத்து, முன்னால் நின்று நடத்திக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டியவன், பத்திரிகையைப் படம் பிடித்துப் போனில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். ராக்கியண்ணனிடம் இருந்ததோ பட்டன் போன். அதில் படம் எப்படி வரும்? சங்ககிரி லாரிப் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வேறொரு டிரைவர்தான் தன் போனைக் காட்டி, "உங்க தம்பி வீட்டுக் கல்யாணமாட்ட இருக்குது, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

ராக்கியண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்தப் பெண்ணைச் சின்ன வயதில் தன் லாரியின் முன்சீட்டில் உட்கார வைத்து ஊரெல்லாம் காட்டியவர், போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கவும் தம்பி வரவில்லை. தப்பு என்னுடையது என்று அவன் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு மேல் ராக்கியண்ணனுக்கு ஒன்றும் வேண்டாம். அதற்குக் குறைந்தும் ஒன்றும் வேண்டாம்.

மனைவி இறந்துபோன பிறகு, கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் இருந்த தெய்வானையம்மாவின் மடத்தில் வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. உட்கார வைத்து உபதேசம் செய்கிற வழக்கம் அம்மாவுக்குக் கிடையாது. கேட்டால் சொல்வார். சில நேரம் கேட்டாலும் சொல்ல மாட்டார்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததாகத்தான் ராக்கியண்ணன் சொல்லிக்கொண்டார். லாரியை விட்டார். பீடியை விட்டார். வீட்டை விட்டார். தம்பியை மட்டும் கூடவே கூட்டி வந்திருந்தார்.

தாரணி வெளிநாட்டில் இருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்தது. அவளுக்குப் பெரியப்பா மேல் கோபம் ஒன்றும் இல்லை. பட்டன் போனுக்கே கூப்பிட்டு, முகம் தெரிகிற போன் ஒன்று வாங்குங்கள், பாப்பாவைக் காட்டுகிறேன் என்றாள். சரி என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. எந்தப் போன்?

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூரிலிருந்து வரும் சம்பத், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவர் ஐபோன் என்றார். வருடக்கணக்கில் உழைக்கும், தேவையில்லாத தொந்தரவு இருக்காது, படம் தெளிவாக இருக்கும் என்றார். மடத்தில் சமையல் பார்க்கும் மருதாசலம் ஆண்ட்ராய்டு என்றார். கண்ணாடி உடைந்தால் சங்ககிரியிலேயே மாற்றலாம், எவனிடமும் கேட்டுப் பழகிக்கொள்ளலாம், ஐபோனுக்கு ஒன்று ஆகிப் போனால் சேலத்துக்கு ஓட வேண்டும் என்றார். இரண்டு பேரும் சாப்பாட்டுப் பந்தியிலேயே மோதிக்கொண்டார்கள். சம்பத் சாமி கும்பிடுவதைவிட போனைக் கும்பிடுவதுதான் அதிகம் என்று மருதாசலம் சொல்ல, ரசத்துக்கு உப்புப் போடுகிற நினைவாவது உமக்கு இருக்கட்டும் என்று சம்பத் சொல்ல, பந்தி சிரித்தது. ராக்கியண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு அன்று தூக்கமும் வரவில்லை.

மறுநாள் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது போய் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, எந்தப் போன் வாங்கலாமுங்க?"

"எதுக்கு?"

"பாப்பாவைப் பாக்கறதுக்கு."

"ஐபோன்ல பாப்பா தெரியுமா?"

"தெரியுமுங்க."

"இன்னொண்ணுல?"

"அதுலயும் தெரியுமுங்க."

"அப்பறம் என்ன?"

ராக்கியண்ணன் உள்ளதைச் சொன்னார். குழந்தைவேல் வீட்டில் எல்லோர் கையிலும் ஐபோன். தானும் அதையே வாங்கினால், என்னைப் பார்த்துத்தான் அண்ணன் வாங்கினார் என்பான். மற்றதை வாங்கினால், அண்ணனுக்கு அவ்வளவுதான் முடிந்தது என்பான். எதை வாங்கினாலும் அவன் வாய் சும்மா இருக்காது.

அம்மா கீரைக் காம்புகளை ஒருபக்கம் ஒதுக்கினார்.

"போன் வாங்கறது யாரு?"

"நானுங்க."

"ஓ. உங்க தம்பின்னு நெனச்சேன்."

ராக்கியண்ணனுக்கு முகம் சுருங்கியது. அம்மா கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்தார். மருதாசலத்தோடு கடைக்குப் போங்கள், இரண்டையும் கையில் வைத்துப் பாருங்கள், எதில் உங்கள் விரல் தடுமாறாமல் போகிறதோ அதை வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு என்ன புதிதாக வந்தாலும், வேட்டியோ சொம்போ செருப்போ, வரும் அமாவாசை வரைக்கும் அது கூடத்து அலமாரியில் இருக்க வேண்டும். அதுவரை அது எல்லோருக்கும் பொது. தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார், திரும்ப வைப்பார். அமாவாசைக்கு மறுநாள்தான் அது உரியவர் கைக்குப் போகும். புதுச்செருப்பு என்றால் அதற்குள் யாராவது தேய்த்திருப்பார்கள். அதற்காகத்தான் அந்த வழக்கமோ என்னவோ.

கடைக்காரர் ஐபோன் ஒன்றைக் காட்டினார். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்து கொடுத்தது. மருதாசலம் ராக்கியண்ணன் காதோரம் குனிந்து, இது ஒருத்தர் கைபட்ட பொருள், இதை வாங்கினால் அலமாரியில் வைக்க வேண்டியதில்லை, நேராக உங்கள் மடிக்கே வந்துவிடும் என்றார். கேலியாகத்தான் சொன்னார். ராக்கியண்ணனோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைபட்டவர் யார் என்று அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றியதும் கீழே வைத்தார்.

அதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. திரையில் ஒன்றைத் திறந்துவிட்டால் வெளியே வர விரலால் ஓரத்திலிருந்து இழுக்க வேண்டியிருந்தது. ஸ்டீயரிங் பிடித்துத் தடித்துப்போன விரல் அது. இழுத்த இழுப்புக்கு வேறு எங்கெங்கோ போனது. ஆண்ட்ராய்டில் கடைக்காரர் எதையோ மாற்றிக் கொடுத்தார். அடியில் மூன்று பொத்தான்கள் வந்து நின்றன. ஒன்றை அழுத்தினால் பின்னால் வரலாம்.

"ரிவர்ஸ் கியர் இருக்குது" என்றார் ராக்கியண்ணன்.

அதையே வாங்கிக்கொண்டார்கள்.

போன் அலமாரிக்குப் போனது. மருதாசலம் அதில் சமையல் வீடியோ பார்த்தார். தோட்டவேலை செய்பவர் மழை வருமா என்று பார்த்தார். கொஞ்ச நாளில் தாரணி கூப்பிட்டாள். போனைப் பிடித்தது ராக்கியண்ணன்தான் என்றாலும், அவர் தோளுக்கு மேல் மடமே எட்டிப் பார்த்தது. பாப்பா இத்தனை முகங்களைப் பார்த்து மிரண்டு உதட்டைப் பிதுக்கியது. ராக்கியண்ணன் லாரி ஹாரன் மாதிரி சத்தம் போட்டார். பாப்பா சிரித்துவிட்டது. சின்ன வயதில் தாரணியும் அதற்குத்தான் சிரிப்பாள்.

வைப்பதற்கு முன் அவள் சொன்னாள், "பெரியப்பா, அப்பாவுக்கு இந்தப் புது நம்பரைக் குடுத்துட்டேன். அவரே கூப்பிடறேன்னு சொல்லியிருக்காரு."

ராக்கியண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, ஏன் கொடுத்தாய் என்றும் கேட்கவில்லை. ஆனால் தம்பியின் நம்பரை மருதாசலத்திடம் சொல்லி, பெயரோடு போனில் பதிய வைத்தார். அன்றிலிருந்து அவருக்குத் தோட்டத்தில் வேலை இல்லாமல் போனது. கூடம் கூட்டினார், விளக்குத் துடைத்தார், அலமாரி தூசி தட்டினார். தட்டியதையே மறுபடி தட்டினார்.

அமாவாசைக்கு முன்தினம் முற்றத்தில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார். கொட்டையும் நாரும் எடுத்துக் கையெல்லாம் பிசுபிசுத்தது. உள்ளே சிலர் தியானத்தில் இருந்தார்கள். அந்த நேரத்தில் போன் அடித்தது.

மருதாசலம் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, உங்க தம்பி" என்றார்.

எழப்போன ராக்கியண்ணன் அப்படியே உட்கார்ந்தார். முதல் தடவையே எடுத்தால், இதற்காகவே அண்ணன் காத்துக் கிடந்தார் என்று நினைப்பான். இரண்டு மூன்று தடவை கூப்பிடட்டும். இத்தனை வருடம் நான் காத்திருக்கவில்லையா?

"கையெல்லாம் புளி" என்றார். "அப்பறம் பேசிக்கலாம்."

மணி அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது. தியானம் நடக்கும்போது போன் அடித்தால், பக்கத்தில் இருப்பவர் எடுத்துவிட வேண்டும் என்பது மடத்து வழக்கம். மருதாசலம் அடுப்படிக்குத் திரும்பியிருந்தார். அம்மாதான் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். எடுத்துக் காதில் வைத்தார்.

யார் என்று அம்மா கேட்பதற்குள் எதிர்ப்பக்கம் பேச ஆரம்பித்துவிட்டது போலிருந்தது. அம்மா வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் கேட்டார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து, முற்றத்தில் இருந்த ராக்கியண்ணனை நோக்கி நீட்டினார்.

ராக்கியண்ணன் பார்த்தார். பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து இன்னொரு புளியை எடுத்தார். பேசட்டும், இன்னும் கொஞ்சம் பேசட்டும்.

அம்மா நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார். பிறகு மறுபடி காதில் வைத்துப் பார்த்தார். போனை அலமாரியில் வைத்தார்.

ராக்கியண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவசரமாக வந்தார்.

"வெச்சுட்டானுங்களா?"

"வெச்சுட்டாரு."

"என்ன சொன்னானுங்க?"

"எடுத்ததுமே, அண்ணா, குறுக்க பேசாதீங்க, நான் சொல்லி முடிச்சர்றேன்னு ஆரம்பிச்சுட்டாரு. நீங்கன்னு நெனச்சு."

"சரிங்க. என்ன சொன்னான்?"

"அது உங்களுக்குச் சொன்னது."

"அதைத்தானுங்கம்மா நானும் கேக்கறேன்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் சொல்லலாம்."

அம்மா உள்ளே போய்விட்டார்.

அமாவாசை போனது. போன் ராக்கியண்ணன் கைக்கு வந்தது. அது அடிக்கவில்லை. குளிக்கப் போனாலும் திண்டின் மேல் வைத்துக்கொண்டு குளித்தார். கீரைக்காரி வரும்போது, நாய் குரைக்கும்போது, எல்லாவற்றுக்கும் மடியைத் தொட்டுப் பார்த்தார். சொன்னது மன்னிப்புத்தானா, இல்லை பழைய திமிர்ப் பேச்சா? அழுதானா? தப்பு என்னுடையது என்று சொன்னானா, இல்லை ஏதோ நடந்துபோச்சு என்று மழுப்பினானா? இதெல்லாம் தெரியாமல் அவரால் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. நீங்களே கூப்பிட்டுக் கேட்டால் என்ன என்று மருதாசலம் ஒருநாள் கேட்டுவிட்டார். தப்புச் செய்தவன் அவன், நான் எதற்குக் கூப்பிட வேண்டும் என்று ராக்கியண்ணன் எரிந்து விழுந்தார்.

சம்பத் வந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பேசி முடித்த பேச்சைப் போனிலிருந்து எடுக்க முடியுமா என்று விசாரித்தார். சம்பத் போனை வாங்கித் துழாவினார். பதிவு செய்யும்படி முன்னாலேயே போட்டு வைத்திருந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றார். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. நான் அப்போதே ஐபோன் வாங்கச் சொன்னேன் என்று பழக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தை ராக்கியண்ணனைப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் அம்மாவிடம் போனார். அம்மா விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்தப் போன்ல அவன் பேசினதைத் திரும்பக் கேக்க முடியாதாமுங்க."

"ஓகோ."

"அந்த இன்னொரு போனை வாங்கியிருந்தா, கேட்டிருக்குமுங்களா?"

அம்மா திரியை எண்ணெயில் நனைத்தார்.

"அடிக்கறப்ப எடுத்திருந்தா, ரெண்டுலயும் கேட்டிருக்கும்."

போன் ராக்கியண்ணன் மடியில் இருந்தது. தம்பியின் பெயர் அதில் இருந்தது. விரல் அதன் மேல் போய்ப் போய் வந்தது. அழுத்தவில்லை.

குழந்தைவேல் மறுபடி கூப்பிடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, அண்ணன்தான் ஒரு வார்த்தை பேசவில்லை என்ற நினைப்பில் அவன் அங்கே இருக்கிறான். ராக்கியண்ணனுக்கு அவன் சொன்னது இன்னும் வந்து சேரவில்லை.