கூராயி கடைச் சுரைக்குடுக்கை

கரட்டுப் பாறைக்கு அடியில் கூராயி என்ற முள்ளம்பன்றி சுரைக்குடுக்கைக் கடை வைத்திருந்தாள்.

கடை என்றால் யாரும் வந்து எட்டிப் பார்க்கிற கடை இல்லை. அந்தக் காட்டில் விற்கிறவர் முகத்தை வாங்குகிறவர் பார்ப்பதே கிடையாது. எல்லாம் மைனா வழியாகத்தான். மைனா மரத்துக்கு மரம் பறந்து, "கூராயி கடைச் சுரைக்குடுக்கை! ஒரு சொட்டு ஒழுகாது!" என்று கூராயியின் குரலிலேயே கூவும். வேண்டியவர்கள் மைனாவிடம் சொல்வார்கள். செவலை என்ற நரி முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்து பொருளை எடுத்துப் போகும். பதிலுக்குக் கிழங்கோ பழமோ அதே கூடையில் வரும்.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். மூன்று புகார் தீராமல் நின்றால், அந்தக் கடையின் பெயரை மைனா அப்புறம் கூவாது. அத்தோடு கடை முடிந்தது.

கூராயிக்குக் கடை முடிந்தால் வேறு வழி ஒன்றுதான் உண்டு. காட்டுக்கு வெளியே மனிதர்களின் கிழங்குத் தோட்டம். அங்கே இரண்டு நாய்கள். கடை வைப்பதற்கு முன் அங்கேதான் அவள் கிழங்கு தோண்டித் தின்றுகொண்டிருந்தாள். அவள் இடது காதில் பாதி இப்போதும் அந்த நாய்களிடம்தான் இருக்கிறது.

அந்தக் கோடையில் ஓடை வற்றியது. தூரத்துக் குட்டையில் மட்டும் தண்ணீர். குடுக்கைக்குக் கிராக்கி ஏறியது. கூடவே புகாரும் வந்தது.

முதலில் மான். மைனா வந்து மானின் குரலில் சொன்னது: "குடுக்கை ஒழுகுது! திருப்பி எடுத்துக்கோ!"

"கொம்பால முட்டியிருப்பான்! கொம்பை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா அவனால?" என்றாள் கூராயி.

இரண்டாவது அணில். "என் குடுக்கையும் ஒழுகுது!"

"கடிச்சிருப்பா! பார்த்ததையெல்லாம் கொறிக்கிற பல்லு அது. மாத்திக் குடுக்க முடியாதுன்னு சொல்லு!"

மைனா அதை ஒரு சொல் விடாமல், அதே குரலில், அதே எரிச்சலோடு போய்ச் சொன்னது. மானும் அணிலும் கோபித்துக்கொண்டன. இரண்டு புகாரும் அப்படியே நின்றன.

மூன்றாவது புகார் வாலப்பன் என்ற குரங்கிடமிருந்து வந்தது.

வாலப்பனைப் பற்றிக் காட்டுக்கே தெரியும். போன மழைக்காலத்தில் ஒரு இலைக்குடை வாங்கினான். மழை முடிகிற வரை பிடித்தான். மழை நின்ற மறுநாள், "கிழிஞ்ச குடையைக் குடுத்துட்டாங்க!" என்று திருப்பி அனுப்பினான்.

இப்போது மைனா அவன் குரலில் பேசியது: "ஏய் முள்ளி! பெண்டாட்டி குட்டி போட்டு மூணு நாள் ஆகுது. அவளால மரத்தை விட்டு இறங்க முடியல. குட்டைல ரொப்பிக்கிட்டுக் கிளம்பினா, மரத்துக்கு வர்றதுக்குள்ள மொத்தமும் ஒழுகிடுது. இதையா ஒழுகாதுன்னு வித்த?"

கூராயிக்குச் சிரிப்பு வந்தது. "குடை வாங்கின ஆளுதானே? குடுக்கையைத் திருப்பி அனுப்பச் சொல்லு. நான் காட்டறேன் இவன் லட்சணத்தை!"

செவலை குடுக்கையைக் கொண்டுவந்து இறக்கியது. மைனா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தது. கூராயி குடுக்கையில் தண்ணீர் ஊற்றினாள். அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் இறங்கியது.

"பார்த்தியா? உருண்டையா, அளவா ஒரு ஓட்டை. கூரான குச்சியால குத்தியிருக்கான்! ரெண்டு நாள் வெச்சுப் புழங்கிட்டு, வேற புதுசு வாங்கத் திட்டம்!"

மைனா பறந்தது. ஆலமரத்தில் மைனாக் கூட்டம் கூடியது. வாலப்பன் பேச்சு யாரிடம் எடுபடும்? அரை நாழிகையில் மைனா திரும்பி வந்தது.

"வாலப்பன் புகார் தள்ளுபடி! உன் கடைக்கு ஒண்ணும் இல்ல!"

கூராயி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு குதி குதித்தாள். நாய்கள் இனி தூரத்தில் குரைக்கட்டும்!

அப்போதே அடுத்த வேலை காத்திருந்தது. எறும்புத்தின்னி ஒரு குடுக்கை கேட்டிருந்தாள். கூராயி நன்றாகக் காய்ந்த குடுக்கையாகப் பார்த்து எடுத்தாள். தண்ணீர் ஊற்றி நூறு எண்ணினாள். ஒரு சொட்டு கசியவில்லை. தண்ணீரைக் கொட்டினாள். தக்கையை அடைத்தாள். தேக்கிலையில் சுற்றிக் கொடியால் கட்டினாள். பாறை விளிம்பில் வைத்தாள். செவலை கீழே வந்து கூடையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

கூராயி எப்போதும்போல் திரும்பி நின்றாள். முன்கால் குட்டை, அதனால் கனமானது எதையும் முள்ளம்பன்றிகள் பின்பக்கத்தால்தான் தள்ளும். அவள் அம்மாவும் அப்படித்தான் தள்ளினாள். கூராயியும் பின்னால் வந்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். குடுக்கை கூடைக்குள் விழுந்தது.

"அம்மாடி! முள்ளைக் கொஞ்சம் படுக்க வையேன் அக்கா. ஒவ்வொரு தடவையும் எனக்குக் குத்திடுமோன்னு உயிரே போயிட்டு வருது!" என்றது செவலை.

"சரி சரி, கிளம்பு" என்றவள் அப்படியே நின்றாள்.

"என்ன சொன்னே? ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா. நீ தள்ளும்போது நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

"செவலை, கூடையை இறக்கு."

"எதுக்கு?"

"இறக்குடா!"

கட்டைப் பிரித்தாள். தேக்கிலையில் ஒரு பொத்தல். இலையை விலக்கினாள். குடுக்கையிலும் ஒரு பொத்தல். உருண்டையாக, அளவாக.

அவள் வாலப்பனின் குடுக்கையை இழுத்தாள். கீழே உதிர்ந்து கிடந்த தன் முள் ஒன்றை வாயில் கவ்வி எடுத்து, அந்த ஓட்டையில் வைத்தாள். முள் கச்சிதமாக உள்ளே போய் நின்றது.

செவலை அந்த முள்ளை முகர்ந்து பார்த்தது.

பிறகு மெதுவாகச் சொன்னது: "நான் எதையும் பார்க்கல அக்கா. நீதான் ஜெயிச்சிட்டியே. இனிமே பார்த்துத் தள்ளு. முடிஞ்சுது கதை."

கூராயி யோசித்தாள். பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. வாலப்பனை இனியும் யாரும் நம்பப்போவதில்லை. சொன்னாலோ மூன்று புகாரும் உண்மையாகிவிடும். கடை போகும். பிறகு நாய்கள்தான். பாதிக் காது அரித்தது.

ஆனால் அந்த மரத்தின் மேலே ஒரு குட்டி இருக்கிறதே! அதன் தாய்க்குத் தண்ணீர் வழியிலேயே ஒழுகிப் போகிறதே!

"சே!" என்றாள் கூராயி. "கொம்பைப் பார்த்தேன். பல்லைப் பார்த்தேன். என் முதுகை நான் பார்க்கவே இல்ல. மைனாவைக் கூப்பிடு!"

மைனா வந்தது.

"என் குரல்லயே சொல்லு. ஒரு சொல்லும் விடாதே. மானோட கொம்பு இல்ல, அணிலோட பல்லு இல்ல, வாலப்பனோட குச்சியும் இல்ல. ஓட்டை போட்டது என் முள்ளு. மூணு பேருக்கும் புதுக் குடுக்கை நானே கொண்டுவந்து தர்றேன்."

மைனா தலையைச் சாய்த்துப் பார்த்தது. "நிஜமாவே சொல்லணுமா? நீ ஜெயிச்சாச்சே!"

"போய்ச் சொல்லுன்னா சொல்லேன்! எத்தனை தடவை சொல்றது?"

காடு முழுக்க அவள் குரல் கேட்டது. கூராயி கூச்சத்தில் பாறைக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. மூன்று குடுக்கைகளைத் தேக்கிலை மேல் வைத்து, கொடியை வாயால் கவ்வி இழுத்துக்கொண்டு முன்பக்கமாக நடந்தாள். பழக்கம் இல்லாததால் நான்கு முறை இடறினாள்.

மான் வாங்கிக் கொம்பில் மாட்டிக்கொண்டது. அணில், "என் பல்லைப் பத்திச் சொன்னதை முதல்ல திருப்பி எடுத்துக்கோ!" என்றாள். கூராயி எடுத்துக்கொண்டாள்.

வாலப்பன் மரத்தடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"வந்துட்டியா முள்ளி? என்னை ஏமாத்துக்காரன்னு சொன்ன வாய்தானே இது?"

"அதே வாய்தான் அண்ணே. தப்பாச் சொல்லிடுச்சு. இந்தா, வழியில குட்டைல ரொப்பித் தக்கை அடைச்சுக் கொண்டாந்திருக்கேன், நீயே ஆட்டிப் பாரு. ஒழுகினா என் தலையிலேயே கொட்டு."

வாலப்பன் நிஜமாகவே சோதித்தான். குடுக்கையைத் தலைக்கு மேலே தூக்கி, தலைகீழாகத் திருப்பி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். ஒழுகவில்லை. ஒரே தாவில் மேலே ஏறினான். இலைகளுக்கு நடுவே மடமடவென்று தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு குட்டியின் கீச்சுக் குரல்.

அவன் இறங்கி வந்தபோது முகம் மாறியிருந்தது. தலையைச் சொறிந்தான்.

"அந்தக் குடை… அதைக் கிழிச்சது நான்தான். கிளைல மாட்டிக்கிச்சு."

"தெரியும். காட்டுக்கே தெரியும்."

"இல்ல, நான் போய்க் குடை வித்தவங்ககிட்டயே சொல்லிடறேன். நான் சொன்னா ஒருத்தரும் நம்பலைங்கிறது எவ்வளவு கொடுமைன்னு இந்த ஒரே நாள்ல தெரிஞ்சுபோச்சு."

மறுநாள் காலை மைனாக் கூட்டம் கூடியது. கூராயி ஆலமரத்தடியில் காலை மாற்றி மாற்றி நின்றாள். கூட்டத்துத் தலைவி கேட்டாள்: "மூணு புகாரும் உண்மை. ஆனா இப்ப தீராம நிக்கிறது எத்தனை?"

மான் "என்னுது தீர்ந்துச்சு" என்றது. அணில் "என்னுதும்" என்றாள். வாலப்பன் மேலிருந்தே கத்தினான்: "என்னுது எப்பவோ தீர்ந்துச்சு! அவ பேரைக் கூவுங்க, நேரமாகுது!"

அன்றிலிருந்து கூராயி குடுக்கையை முன்கால்களால் உருட்டித்தான் கூடையில் இறக்கினாள். நேரம் பிடித்தது. செவலை கொட்டாவி விட்டது. கூடையில் இறக்கிய பிறகும் ஒரு முறை தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். வாங்குகிறவரும் செவலை எதிரிலேயே ஊற்றிப் பார்க்கலாம் என்றாள். மைனாவின் கூவலும் மாறியது: "கூராயி கடைச் சுரைக்குடுக்கை! ஒழுகினா அவளே நேர்ல வருவா!"

அப்படி எறும்புத்தின்னிதான் முதலில் வாங்கினாள். பிறகு அனுப்பக் காத்திருந்த குடுக்கைகளின் வரிசை பாறையைத் தாண்டிப் போயிற்று.

நாம் விற்ற பொருள் பழுதாகித் திரும்பி வந்தால், வாங்கியவர் மேல் பழி போடுவதற்கு முன்னால் நம் வேலையைத்தான் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும்.