தள்ளிக் கட்டிய ஆடு

பெரியநாயகியிடம் வந்து போகிறவர்களில் மாரப்பனுக்குத்தான் வயது அதிகம், பொறுமை குறைவு. அவருக்கு ஐம்பத்தெட்டு. அவளுக்கு நாற்பது தாண்டி ஒன்றிரண்டு இருக்கும்.

அவள் காவி கட்டியவள் இல்லை. ஊர்க் கோடியில் ஓர் ஆட்டுப்பட்டி, பக்கத்தில் ஓட்டுச் சாய்ப்பு, அவ்வளவுதான் அவள் சொத்து. காலொடிந்தது, தாய் செத்தது, சந்தையில் யாரும் சீண்டாதது எல்லாம் கடைசியில் அங்கே வந்து சேரும். மனிதர்களும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். கேள்வி கேட்டால் ஒரு வேலையைக் கொடுப்பாள். வேலை முடியும்போது கேட்டவருக்குப் பதில் கிடைத்திருக்கும். கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் வரவேண்டியதுதான்.

மாரப்பன் ஆட்டுத் தரகர். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசியே நாற்பது வருடம் ஓட்டியவர். ஏழு மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் வந்தார். தழை வெட்டிப் போட்டார், ஒரு கேள்வி கேட்டார், கோபித்துக்கொண்டு போனார், மறுபடி வந்தார்.

அன்று கோபம்கூட இல்லை. வந்ததும் சாய்ப்பின் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"சலிச்சுப் போச்சுங்க அம்மணி."

"எதுங்க?"

"எல்லாந்தான். முக்கியமா என்னையே."

பெரியநாயகி வேலங்காயைப் புடைத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் ஒரு குட்டி இறந்திருந்தது. அவள் கண்ணும் களைத்துத்தான் இருந்தது.

"பையன் இன்னைக்குக் கெளம்பறானுங்க. ஓமனுக்கு. மூணு வருசம். அஞ்சரை பஸ்சுக்கு நிக்கறானாம். ஒரு வாட்டி வந்து மூஞ்சியக் காட்டுன்னு வீட்ல ஒரே அழுகாச்சி."

"போகலீங்களா?"

"எப்படிங்க போறது? நாந்தான் அவன ஐசோலேட் பண்ணியிருக்கேனே."

அந்தச் சொல் அவருக்கு ஐப்பசி மாதம் கிடைத்தது. மகன் லோகநாதன் சந்தையில் ஆறு வெள்ளாடு வாங்கி வந்தான். அன்று சாயங்காலமே அவை மாரப்பன் வீட்டுப் பட்டிக்குள் போயின. பத்தே நாள். வாயெல்லாம் புண்ணாகி, கழிந்து கழிந்து, நாற்பத்தோரு ஆடு போயிற்று. பொக்லைன் வைத்துத்தான் குழி தோண்டினார்கள். கால்நடை டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "புது ஆட்டை இருபத்தோரு நாள் தனியாக் கட்டி ஐசோலேட் பண்ணியிருக்கணும்ங்க." மாரப்பன் குழி மேட்டிலேயே மகனைப் பார்த்துச் சொன்னார்: "இனி எம் மூஞ்சில முழிக்காத."

லோகநாதன் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் படுக்கையைத் தூக்கிக்கொண்டு போனான். அப்பன் வருகிற வழியில் அவன் வரமாட்டான். அவன் வருவது தெரிந்தால் அப்பன் வரப்பு மாறி நடப்பார். அதிலிருந்து மாரப்பனுக்கு எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்தான். அண்ணன் வீட்டை ஐசோலேட் பண்ணினார், டீக்கடையை ஐசோலேட் பண்ணினார், ஒருநாள் குழம்பில் உப்பு கூடியதற்கு மனைவியையும் ஐசோலேட் பண்ணினார். அது மட்டும் ராத்திரிச் சோறு வரைக்கும்தான் தாங்கியது.

"டாக்டரு சொன்னதத்தானுங்க செஞ்சேன். நோவு கொண்டாந்தவன ஒதுக்கி வெச்சேன். சரிதானுங்களே?" என்றார்.

பெரியநாயகி முறத்தைக் கீழே வைத்தாள்.

"காலைல ஒரு வெள்ளாடு வந்துருக்குதுங்க. எந்தச் சந்தைன்னுகூடத் தெரியல. அத ஐசோலேட் பண்ணிக் குடுங்க மாரப்பண்ணா."

"இதெல்லாம் ஒரு வேலைங்களா?"

"உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானுங்களே."

மாரப்பன் எழுந்தார். தொழில் தெரிந்தவர், கை தானாக ஓடியது. ஆட்டைப் பின்பக்கம் ஓட்டிப் போய், பழைய சுவருக்கு அந்தாண்டை முளைக்குச்சி அடித்துக் கட்டினார். சுற்றிலும் முள்ளை இழுத்துப் போட்டார். தனிச் சட்டியில் தண்ணீர், ஒரு கட்டு அகத்தி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எந்த நோவும் அந்தச் செவுத்தத் தாண்டாதுங்க."

பெரியநாயகி தலையசைத்தாள்.

ஆடு கத்தத் தொடங்கியது.

"கத்தட்டும்" என்றார் மாரப்பன்.

கத்தியது. அரை மணி நேரம் விடாமல் கத்தியது.

"தழை தின்னுச்சுங்களா?"

போய்ப் பார்த்து வந்தார். "மோந்துகூடப் பாக்கலீங்க."

"தண்ணி?"

மறுபடி போனார். சுவருக்கு அந்தாண்டை அவர் குரல் கேட்டது: "அகத்தி சாமி இது. எங்க அண்ணனுக்குக்கூட நான் இப்படி அறுத்துப் போட்டதில்ல. ரெண்டு வாய் தின்னு. செரி, ஒரு வாய். ஒரே ஒரு வாய்!" பேரம் படியவில்லை. முகம் சிவந்து திரும்பி வந்தார்.

"திமிரு புடிச்ச ஆடுங்க."

வெயில் கொஞ்சம் சாய்ந்தது. பட்டியில் மற்ற ஆடுகள் அசைபோட்டன. சுவருக்குப் பின்னாலிருந்து வந்த குரல் சன்னமாகி, இடைவெளி விட்டு, நின்றுபோனது.

"பாத்தீங்களா, அடங்கிருச்சு" என்றார் மாரப்பன்.

அதுவரை எழாத பெரியநாயகி அப்போது எழுந்தாள்.

"கத்துற ஆட்டுக்கு நான் பயப்பட மாட்டேனுங்க. அடங்குனாத்தான் பயம்."

சுவருக்குப் பின்னால் ஆடு தரையில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. அவள் கயிற்றை அவிழ்த்தாள். அதைத் தூக்காத குறையாக நடத்திக் கொண்டுவந்து, பட்டிக்கு எதிரே, வெள்வேல மரத்தடியில் கட்டினாள். சட்டியையும் அகத்தியையும் மாரப்பன் முணுமுணுத்துக்கொண்டே தூக்கி வந்தார்.

ஆடு நின்று பட்டியைப் பார்த்தது. பட்டியில் இரண்டு மூன்று ஆடுகள் தலையைத் தூக்கி அதைப் பார்த்தன. ஒன்று மெல்லக் கனைத்தது. இதுவும் கனைத்தது. காதை ஒருமுறை ஆட்டியது. பிறகு குனிந்து ஒரு வாய் தழை கடித்தது.

மாரப்பன் மரத்தடியிலிருந்து பட்டியின் வாசல் படல்வரை அடி வைத்து அளந்தார். இருபத்திரண்டு அடி.

"அம்மணி, இது ஐசோலேட் ஆவாதுங்களே. ஒண்ணுக்கொண்ணு தெரியுதே."

"தெரிய வேண்டாமுங்களா?"

"ஒட்டிக்குமுங்களே!"

"மூக்கும் மூக்கும் பட்டா ஒட்டும். ஒரே தொட்டில தண்ணி குடிச்சா ஒட்டும்."

"பாத்தா?"

"நாப்பது வருசம் சந்தைல நின்னவரு நீங்க. ஒண்ணையொண்ணு பாத்து எந்த ஆடு செத்துச்சு, நீங்களே சொல்லுங்க."

மாரப்பன் படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆடு தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. அவர் பேசியபோது குரலில் சந்தை இல்லை.

"அன்னைக்கு ஆட்டோவுல இருந்து அந்த ஆறு ஆட்ட எறக்கறப்ப நானும் நின்னேனுங்க அம்மணி."

பெரியநாயகி திரும்பிப் பார்த்தாள்.

"என்ன வெலைக்குடா புடிச்சேன்னு கேட்டேன். சொன்னான். என்னாலயே அந்த வெலைக்கு வாங்க முடியாதுங்க. எனக்குப் பெருமை தாங்கல. மொதுகத் தட்டிக் குடுத்தேன். ரெண்டு நாள் வெளிய கட்டலாங்களான்னு அவந்தான் கேட்டான். நல்ல ஆடுதான்டா, உள்ள வுடுன்னுட்டு..."

நிறுத்தினார். துண்டால் வாயைத் துடைத்தார்.

"படலத் தெறந்து வுட்டது நானுங்க."

"லோகநாதன் யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"ஏழு மாசமாச்சு. அவங்கம்மாகிட்டக்கூடச் சொல்லல. அதனாலதானுங்க என்னால அவம் மூஞ்சியப் பாக்க முடியல."

பெரியநாயகி ஆட்டிடம் போனாள். சட்டியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. குடத்தைச் சாய்த்து நிரப்பினாள்.

"மணி அஞ்சாகப் போகுதுங்க" என்றார் மாரப்பன். "அங்க போயி நான் என்னன்னு சொல்றது அம்மணி? ஊரே பஸ் ஸ்டாப்புல நிக்கும். அத்தன பேரு முன்னால அவங்கிட்ட எப்படிச் சொல்றது?"

பெரியநாயகி குடத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"சொல்றது அப்புறமுங்க. மொதல்ல அவங் கண்ணுக்குத் தெரியற தூரத்துல போயி நில்லுங்க."