கொட்டாவிப்பட்டி முருங்கைக்கு ஜெர்மனி முத்திரை

கொட்டாவிப்பட்டியிலும் புத்திசாலிகள் இருந்தார்கள். அவர்கள் எல்லாரையும் வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இது மிச்சம் இருந்தவர்களின் கதை.

அந்த ஊரில் ஏழே வீடு, வேலிக்கு வேலி முருங்கை. குழம்புக்குப் பறித்தது போக ஆடு தின்னும், ஆடு தின்றது போகக் காற்று கொண்டுபோகும். அந்த ஊருக்கு ஒருநாள் டவுனிலிருந்து தணிகாசலம் என்ற வியாபாரி வந்தார். கையில் சின்னக் கண்ணாடிப் புட்டி. உள்ளே பச்சைத் தூள், வெளியே பச்சை முத்திரை.

"ஜெர்மனியில இயற்கை மளிகைக்குன்னே தனிக் கடை இருக்கு. உங்க முருங்கை இலை அங்க நகை மாதிரி அலமாரியில உட்காரும்" என்றார்.

பொன்னுருவிக்குத்தான் முதலில் கண் விரிந்தது. ஊரிலேயே அதிக மரம் அவளுக்கு. இலை விலை போனால் செங்கல் சூளையில் மண் சுமக்கப் போக வேண்டாம். மறுநாளே சூளைக்காரரிடம் வேலையை விட்டதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"இயற்கைன்னு வாயால சொன்னா அங்க செல்லாது. அதிகாரி தோட்டத்தைப் பாத்து சான்று தரணும். ஏழு வீடும் ஒரே குழு. ஒருத்தர் பிசகினாலும் ஏழு வீட்டுக்கும் கிடையாது" என்றார் தணிகாசலம்.

"நாங்க மருந்தே அடிச்சதில்லையே. அவ்வளவு சோம்பேறிங்க" என்றான் சடையன்.

"அதைத்தான் நிரூபிக்கணும்."

"பக்கத்துப் பருத்திக்காட்டுக்காரர் வாரத்துக்கு ரெண்டு தடவை அடிக்கிறாரு. அவரு என்ன நிரூபிக்கணும்?"

"அவரு ஒண்ணும் நிரூபிக்க வேண்டாம்."

ஏழு வீட்டாரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். தப்பு செய்யாதவனைத் தேடிவந்து விசாரிக்கிறார்கள் என்றால் எவ்வளவு மரியாதை!

தணிகாசலம் மூன்று விதி சொன்னார். ரசாயனத்தில் செய்த எதுவும் தோட்டத்துக்குள் போகக் கூடாது. பருத்திக்காட்டிலிருந்து எதுவும் இந்தப் பக்கம் வரக் கூடாது. செய்வதையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும். "எழுதாதது நடக்காதது. இதை மட்டும் மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே பொன்னுருவி நைலான் சேலையை வேலியில் போட்டுவிட்டுச் சாக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். ஐந்தாவது வரை படித்த வீரப்பெருமாள் தம் பல்செட்டைக் கழற்றி முள்ளில் மாட்டினார். உள்ளே அவர் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. பல்லோடு பேசியபோதும் விளங்கியதில்லை என்பதால் வேலை ஒன்றும் கெடவில்லை.

இரண்டாவது விதியில்தான் சிக்கல் வந்தது.

"மாமா, தேனீ பருத்திப் பூவுல உட்கார்ந்த காலோட நம்ம பூவுக்கு வருது" என்றான் சடையன்.

வீரப்பெருமாள் யோசித்தார். "காலைக் கழுவிட்டு வரச் சொல்லு."

"சொன்னா கேக்குமா?" என்றாள் பொன்னுருவி.

"வீட்டு வாசல்ல தண்ணி வச்சா நீ கழுவுறியா இல்லையா? அது மாதிரிதான்."

எல்லை நெடுக நூறு சிரட்டையில் தண்ணீர் வைத்தார்கள். கழுவாமல் வந்த தேனீக்களைச் சடையன் துண்டை வீசி நிறுத்தி விசாரித்தான். மூன்றாம் நாள் அவன் மூஞ்சி பணியாரமாக உப்பிவிட்டது.

நோட்டு வீரப்பெருமாள் பொறுப்பு. பேனா பிளாஸ்டிக் என்பதால் வேலிக்கு வெளியேதான் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் பொன்னுருவி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுதினீங்களா, மாமா?"

"இல்லையே."

"அப்ப நான் ஊத்தலை" என்று திரும்பப் போய் ஊற்றினாள். வருவதற்குள் அவர் மறுபடி தூங்கிவிட்டார். சாயங்காலம் மரத்தடியில் தவளை கத்தியது. அந்த வாரம் சடையன் ஒரே மதியத்தில் நான்கு தடவை சாப்பிட்டான்.

அதிகாரி வந்த நாளில் வீரப்பெருமாள் ஊரில் இல்லை. நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தேனீ கொட்டிய சடையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். அதிகாரி மண்ணை முகர்ந்தார், சோதிக்க இலை எடுத்தார், சிரட்டைகளை நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போனார். சில வாரத்தில் சான்று தபாலில் வந்தது. அதற்குள் இலையைப் பறித்துக் காயவைத்து மூட்டை கட்டித் தோட்டத்துக்குள் அடுக்கியிருந்தார்கள்.

தணிகாசலம் ஓடி வந்தார். "நாளைக்குக் காலையில லாரி. மூட்டையெல்லாம் ரோட்டுக்கு வந்துடணும். தவறினா கப்பல் போயிடும்."

யாரும் அசையவில்லை.

"அதிகாரி வரட்டும், சார்" என்றார் வீரப்பெருமாள்.

"அவர் வந்து, பாத்து, சான்றே வந்துருச்சே!"

"எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று நோட்டை நீட்டினார்.

"அண்ணே, நான்தான் அவருக்கு மோர் கொடுத்தேன்" என்றாள் பொன்னுருவி. "ஆனா எழுதலியே. அப்ப நான் கொடுக்கலை."

தணிகாசலம் நோட்டைப் பிடுங்கி, 'அதிகாரி வந்தார், சான்று தந்தார்' என்று எழுதி மூஞ்சிக்கு நேரே காட்டினார். ஏழு வீட்டாரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து படித்தார்கள்.

"அட, வந்திருக்காரே" என்றாள் பொன்னுருவி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தணிகாசலம் நிம்மதியாகப் பஸ் ஏறினார்.

மூட்டையைத் தூக்கக் குனிந்த சடையன் அப்படியே நிமிர்ந்தான். "மாமா, எழுதினதும் நடந்துருச்சுல்ல?"

"ஆமா."

"அப்ப எதுக்குச் சுமக்கணும்?"

வீரப்பெருமாள் எழுதினார். மூட்டை ரோட்டுக்குப் போனது. லாரி ஏறியது. கப்பல் கடல் தாண்டியது. ஜெர்மனிக்காரர்கள் அடை சுட்டுத் தின்று விரலைச் சூப்பினார்கள். பொன்னுருவி கேட்டுக்கொண்டபடி, 'தோட்டத்துப் படலைச் சாத்தியாயிற்று' என்பதையும் சேர்த்துக்கொண்டார். நோட்டை மூட்டைமேல் வைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

காலையில் லாரியோடு வந்த தணிகாசலம் தோட்டத்து வாசலில் நின்றுவிட்டார். ஊர் ஆடுகள் எல்லாம் கழுத்துவரை மூட்டைக்குள் இருந்தன.

"பொன்னுருவி, ஆடு இலையைத் தின்னுது!"

"எழுதியிருக்கான்னு பாக்குறேன், அண்ணே" என்று அவள் நோட்டைத் தேடினாள். அதன் கடைசித் தாள் ஒரு கிடாவின் வாயோரம் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் உள்ளே போனது.

பொன்னுருவி சேலையைத் தட்டிவிட்டுச் சும்மாட்டைத் தலையில் வைத்தாள்.

"நேரமாச்சு. சூளையில தேடுவாங்க" என்று நடந்தாள்.

வீரப்பெருமாள் முள்ளிலிருந்து பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு தணிகாசலத்தைக் கும்பிட்டார்.

"ஐயா ஊருக்குப் புதுசா? யாரைப் பாக்கணும்?"