துண்டில் பிறந்த ஆந்தை

தணிகாசலம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, குன்றின் மேலிருந்த ஆசிரமத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தவர். அங்கே குருவாக இருந்த உலகநாயகி அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். அதனால் என்ன, வாய் நிறைய ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டார்.

படிப்பு முடிந்து கிளம்புகிறவர்களுக்குக் கையால் செய்த பரிசு ஒன்றைக் கொடுத்தனுப்புவது ஆசிரமத்து வழக்கம். அந்த வருஷம் மூன்று பேர் கிளம்பினார்கள். பரிசு செய்யும் வேலையைத் தணிகாசலம் தானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சந்தையில் முகம் துடைக்கிற சின்ன டர்க்கித் துண்டுகள் வாங்கி வந்தார். மடித்தார், சுருட்டினார், ரிப்பன் கட்டினார். ஒரு துண்டு யானையாயிற்று. இன்னொன்று அன்னமாயிற்று. மூன்றாவது முயலாகத்தான் தொடங்கியது. காது நிற்க மறுத்ததால் ஆந்தையாகிவிட்டது. பொத்தானால் இரண்டு கண். தலையில் கறுப்பு அட்டையில் பட்டமளிப்புத் தொப்பி. தொப்பி வைத்த பிறகு, அதோடு ‘வாங்க, போங்க’ என்று பேச வேண்டும்போல அவருக்கே இருந்தது.

அன்றிலிருந்து கூடத்தில் யாரும் மின்விசிறி போட முடியவில்லை.

“காத்துல மடிப்பு கலைஞ்சிரும்!”

தியானத்தில் தும்மிய ஒருவரை வெளியே அனுப்பினார். உலகநாயகி அம்மா வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார்.

கிளம்பிய மூவரில் ஒருத்தியான பூங்காவனத்துக்கு ஆந்தை கிடைத்தது. தணிகாசலத்துக்கு அதில் மனத்தாங்கல். அவருக்குப் பின்னால் வந்தவள். பாட்டைப் பாதியில் மறந்துவிட்டுச் சிரிக்கிறவள். அவளுக்குப் படிப்பு முடிந்துவிட்டதாம். இவருக்கு இன்னும் முடியவில்லையாம்.

இருந்தாலும் பஸ் வரைக்கும் ஆந்தையைத் தானே ஏந்திக்கொண்டு போனார். அவள் மடியில் வைத்து, தொப்பியை நேராக்கினார்.

“அலமாரியில வைம்மா. கண்ணாடி போட்ட அலமாரி.”

“சரிங்கய்யா.”

பக்கத்து சீட்டில் ஒரு தாயின் தோளில் கிடந்த குழந்தை ஆந்தையை நோக்கிக் கையை நீட்டியது. தணிகாசலம் சட்டென்று ஆந்தையை நகர்த்தி வைத்தார். குழந்தை குபுக்கென்று வாந்தி எடுத்தது.

பூங்காவனம் ரிப்பனை உருவினாள். ஒரே உதறல். கண்கள் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். குழந்தையின் வாயையும் கழுத்தையும் துண்டால் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

“ஆந்தை! ஐயோ, ஆந்தை!” என்று அலறினார் தணிகாசலம்.

“பஸ்ஸுக்குள்ளயா?” என்று கண்டக்டர் பையைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தார். பின்சீட்டுக்காரர்கள் குனிந்தார்கள். ஒருவர் குடையை விரித்தேவிட்டார்.

தணிகாசலத்தை இறக்கிவிட்டுவிட்டு பஸ் போயிற்று.

கையில் அட்டைத் தொப்பியோடு, மூச்சு வாங்கக் குன்றேறி வந்தார். கூடத்தில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அடியில் கண்மூடி உட்கார்ந்திருந்தார் உலகநாயகி அம்மா.

“அம்மா! பூங்காவனம் என்ன பண்ணினா தெரியுமா? பஸ் கிளம்புறதுக்குள்ள பரிசைப் பிரிச்சிட்டா!”

“எதுக்குப் பிரிச்சா?”

“ஏதோ ஒரு குழந்தை வாந்தி எடுத்துச்சு. அதைத் துடைக்கிறாளாம். பையில வேற துணியா இல்ல? தேடிப் பார்க்க வேண்டாமா? இவளுக்கா படிப்பு முடிஞ்சதுன்னு சொன்னீங்க?”

“குழந்தைக்கு அப்புறம் தேவலையா?”

தணிகாசலம் யோசித்தார். எந்தக் கண் முதலில் தெறித்தது, எந்த சீட்டுக்கு அடியில் உருண்டது, தொப்பி யார் காலில் மிதிபடப் பார்த்தது, எல்லாம் நினைவிருந்தது. குழந்தையின் முகம் மட்டும் வரவில்லை.

“தெரியலையேம்மா.”

உலகநாயகி அம்மா கண்ணைத் திறந்தார்.

“பூங்காவனத்துக்குத் தெரிஞ்சிருக்கும்.”