நாச்சி தீட்டிய ஏழுநிறக் கல்

முன்னொரு காலத்தில், காலையில் ஆசைப்பட்டதை மாலைக்குள் பார்த்துவிட வேண்டும் என்று அடம்பிடிக்கும் ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள், "ஒரே கல்லில் ஏழு நிறமும் வேண்டும்!" என்றார்.

கருவூலத் தலைவர் இடும்பனார் உடனே கொளுத்திப் போட்டார். "கல் தீட்டும் சாணைக்கார நாச்சியால் முடியும், அரசே. முடியாவிட்டால் பட்டறையை இழுத்து மூடிவிடலாம்." கருவூலத்துக்கு இடும்பனார் வாங்கும் கற்களில் எது போலி என்று முகத்துக்கு நேரே சொல்பவள் நாச்சி. அந்த எரிச்சல் மனுஷனுக்கு!

மாலையில் நாச்சி மூன்று பட்டையாகத் தீட்டிய படிகத்தோடு வந்தாள். தெளிந்த கல், நிறம் என்று பேருக்கும் இல்லை. சபையே சிரித்தது.

விகடகவி சடையன் எழுந்தான். கதவுகளைச் சாத்தச் சொல்லி, கூரைத் துளை வழியே விழுந்த வெயிலில் கல்லைப் பிடித்தான். வெள்ளைச் சுவரில் சிவப்பு முதல் ஊதா வரை ஏழும் விரிந்தன. அடேயப்பா!

"சாயம் பூசியிருக்கிறாள்!" என்று கத்திய இடும்பனார், தண்ணீர் நிறைந்த வெள்ளித் தாம்பாளத்தை அதே வெயிலில் வைத்துக் கல்லை அமிழ்த்தினார். அடியில் வெறும் வெள்ளை ஒளிதான் தெரிந்தது. "பார்த்தீர்களா அரசே? சாயம் கரைந்துவிட்டது!"

நாச்சி கொதித்துப் போனாள். "இது சாணை பிடிக்கிற கை, ராசா! சாயம் பூசுற கை இல்ல!"

"கரைந்த சாயம் தண்ணீரில்தானே இருக்கும்?" என்ற சடையன், இடும்பனாரின் வெண்பட்டு மேலாடையை உருவித் தாம்பாளத்தில் முக்கிப் பிழிந்து விரித்தான். ஒரு பொட்டு நிறமில்லை. கல்லைத் துடைத்து மறுபடி வெயிலில் பிடித்தான். ஏழும் சுவருக்கு வந்துவிட்டன.

"இதென்ன மாயம்?" என்றார் ராஜா.

"மாயமில்லை, அரசே," என்றான் சடையன். "வெயிலில் ஏழு நிறமும் ஒன்றாகவே வருகின்றன. கல்லுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு வளைந்து பிரிகிறது. சிவப்பு குறைவாக வளையும், ஊதா அதிகமாக. காற்றுக்கும் கல்லுக்கும் உள்ள வேற்றுமை தண்ணீருக்கும் கல்லுக்கும் அவ்வளவு இல்லை. அதனால் அங்கே வளைவும் குறைவு, பிரிவும் குறைவு. நம் சபையும் அப்படித்தான். தெருவில் எல்லோரும் ஒன்றாக வருகிறோம். தங்கள் வாசலைத் தாண்டியதும் அவரவர் வளைவு தெரிந்துவிடுகிறது."

ராஜா திரும்பிப் பார்த்தார். இடும்பனார் தரை தொடக் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊதா இவர்தானா!" என்று வயிறு குலுங்கச் சிரித்த ராஜா, தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையன் கழுத்தில் போட்டார். "நாச்சி, உனக்கு என்ன வேண்டும்?"

"இந்தச் சபைக்கு நிமிந்து வந்து நிமிந்து போகணும், ராசா. அது போதும்."

"அப்படியே ஆகட்டும்!"

அந்தச் சபையிலிருந்து முதுகு வளையாமல் வெளியே போன முதல் ஆள், சாணைக்கார நாச்சிதான்.